இரண்டாவது அம்பை எய்யாதிருப்போம்



பிறப்பும் மூப்பும் பிணியும் சாவும் துக்கம் என்று பகவான் புத்தர் தமது முதற் பேருரையிலேயே அறிவுறுத்தினார். அவற்றுள் பிணியைப்பற்றி, அதிலும் நாட்பட்ட வலியைப்பற்றி, நாம் இங்கே சிந்திப்போமாக. மூன்று திங்களுக்கு மேலும் நீங்காத வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவர் வகுத்திருக்கின்றனர். காயம் ஆறிய பின்னரும் நரம்புகளும் மூளையும் வலியை உணர்த்திக்கொண்டே இருப்பதுண்டு. ஆதலால், எக்ஸ்ரே படத்தில் குறையொன்றும் தென்படவில்லை என்பதனால் வலி பொய்யாகிவிடாது.

இத்தகைய வலியுடையாரைக் காண முதல் வாரத்தில் வருவோர் பலர். மூன்றாம் ஆண்டில் வருவோர் எவருமிலர். “வேலைக்கு அஞ்சிப் படுத்திருக்கிறான்” என்பார் ஒருவர். “முற்பிறப்பில் செய்த வினை, அனுபவித்தே தீரவேண்டும்” என்பார் மற்றொருவர். பிறர் இப்படிப் பேசினால் வியப்பில்லை. பௌத்தர் இல்லங்களிலும் இப்பேச்சு எழுமாயின் அது வருந்தத்தக்கதன்றோ?

மோளிய சீவகர் என்னும் துறவி ஒருவர் இருந்தார். (அரச வைத்தியர் ஜீவகர் வேறு, இவர் வேறு.) மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் பழவினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அது மெய்யோ என அவர் பகவானை வினவினார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றன் சேர்க்கை, பருவ மாறுதல், தகாத நடக்கை, பிறர் தாக்குதல், வினை என எட்டுக் காரணங்களைப் பகவான் எடுத்துரைத்தார். வினை எட்டில் ஒன்றே. எல்லாம் பழவினையே என்போர் உலகம் கண்டறிந்த உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்று மறுத்தருளினார்.

தாழ்ந்த பிறப்பு பழவினையின் பயன் என்று நம் முன்னோர்க்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். அச்சொல்லை உதறியே 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தீட்சை பெற்றார். நாமும் அவ்வழியில் வந்தோம். நம் பிறப்புக்குப் பொருந்தாதென்று தள்ளிய நியாயத்தை நோயாளியின் கட்டிலருகே மீண்டும் கொண்டுவந்து வைக்கலாமா? நீரிழிவும் கால்வலியும் வருத்தவே, தில்லி அலிப்பூர் சாலை இல்லத்தில் அமர்ந்து தமது பௌத்த நூலை எழுதி முடித்தவர் பாபாசாகேப். அவ்வலிக்குப் பழவினை கற்பிப்பார் நம்மில் உண்டோ?

பகவான் அருளிய அம்பின் உவமையை நாம் அறிவோம். பயிலாதவன் உடல்வலியாகிய முதல் அம்பு தைத்தவுடன், புலம்பலும் வெறுப்புமாகிய இரண்டாவது அம்பையும் தானே ஏற்றுக்கொள்கிறான். பயின்றவனுக்கு முதல் அம்பு மட்டுமே. இவ்வுவமையினின்று நாம் மேலும் ஒன்று உணர்தல் வேண்டும். நம்பாமையாலும் வினைப்பேச்சாலும் பாராமுகத்தாலும் அந்த இரண்டாவது அம்பை நோயாளியின்மீது எய்பவர் பெரும்பாலும் சுற்றத்தாராகிய நாமே. முதல் அம்பைப் பிடுங்க நம்மால் இயலாதிருக்கலாம். இரண்டாவதை எய்யாதிருத்தல் நம் கையில் உள்ளது.

வலிக்கு மருந்து தேடுதல் மனவுறுதியின்மை என்று எண்ணுவாரும் உளர். கபிலவஸ்துவில் சாக்கியரின் புதிய மன்றத்தில், முதுகு வலிக்கிறது என்று வெளிப்படையாகக் கூறி, உரையை ஆனந்தரிடம் ஒப்படைத்துப் பகவானே சாய்ந்து ஓய்வுகொண்டார். பிலிந்தவச்சர் என்னும் தேரர் வாதநோயால் வருந்தியபோது, சிறிது மது கலந்து காய்ச்சிய தைலத்தையும், உடல் வியர்க்கச் செய்யும் சிகிச்சையையும் அனுமதித்தார். ஆகவே, மருத்துவர் அளவறிந்து தரும் மார்பின் முதலிய மருந்து ஐந்தாம் சீலத்துக்கு இழுக்கு என்று அஞ்சவேண்டுவதில்லை. எவ்வலிக்கு எம்மருந்து என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

நிற்க. இவ்வறம் நடைமுறையில் எவ்வாறு இயலும் என்பதற்குத் தில்லி ஆர்.கே.புரமே சான்று. தாமே புற்றுநோயினின்று மீண்ட ஹர்மாலா குப்தா அம்மையார் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய ‘கேன்சப்போர்ட்’ சங்கம் இங்கு வளர்ந்தது. மருத்துவரும் செவிலியரும் ஆலோசகரும் குழுவாகப் புற்றுநோயாளியின் வீட்டுக்கே சென்று வலி தணிக்கின்றனர்; கட்டணம் பெறுவதில்லை. வீட்டாருக்கும் பராமரிக்கும் முறையைக் கற்பிக்கின்றனர். தெற்கே கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய வலி தணிப்புச் சங்கத்தினின்று, அண்டை வீட்டாரே பயிற்சி பெற்று நோயாளரைப் பேணும் முறை கேரளமெங்கும் பரவியது. 2008ஆம் ஆண்டில் அம்மாநில அரசே அதனைக் கொள்கையாக ஏற்றது.

நாம் செய்யத்தக்கது யாது? நோயாளியைப் பேணுவோனுக்கு ஐந்து தகுதிகளை விநயம் கூறுகிறது: மருந்து தர அறிதல், ஏற்பது ஏலாதது உணர்தல், ஊதியம் கருதாத அன்பு, மலசலத்துக்கு அருவருக்காமை, நல்லுரையால் மனத்தைத் தேற்றுதல். இவ்வைந்தும் பயின்று பெறத்தக்கவை. உபோசத நாளில் வந்தனை முடிந்தபின் ஒரு மணி நேரம் வலியுடையார் பேசவும் ஏனையோர் குறுக்கிடாது கேட்கவும் ஒதுக்குவோம். ஆர்.கே.புரத்துக்கு அருகிலேயே சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் உள்ளன. ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழர்க்குக் குத்துகிறதா, எரிகிறதா, கடுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று இந்தியில் சொல்லத் தெரியாது. எரிச்சல் நரம்பின் கோளாறைக் காட்டலாம். ஆதலின் அச்சொல் தவறினால் சிகிச்சையும் தவறக்கூடும். உடன் சென்று எடுத்துரைக்கும் ஒருவர் அவர்க்குப் பெருந்துணை. வீட்டில் பேணுவோர்க்கும் வாரத்தில் ஒரு பொழுதேனும் ஓய்வு கொடுப்போம்.

வேதனையை வேதனையாக உற்றறியும் ஸதிபட்டான உபதேசத்தைப் பகவான் குரு நாட்டில் அருளினார். இன்றைய தில்லியும் அக்குரு நாட்டைச் சேர்ந்ததே. அம்மண்ணில் வாழும் நாம், நோயுற்றோரைப் பேணுதல் தம்மைப் பேணுதலேயாகும் என்ற அவர் திருவுள்ளத்தை நிறைவேற்றுவோமாக.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க! சாது! சாது! சாது!