நின்ற மணிக்கூடும் நினைவின் கடமையும்

அழிக்கப்பட்ட ஒன்றை மீளக் கட்டியெழுப்புதல் அதன் அழிவை மறப்பதாகுமா? போரின் வழியே நடந்துவந்த சமூகங்கள் யாவும் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. இதனைப் பொதுப்படையாக ஆராய்வதிலும் ஒரு குறிப்பிட்ட பொருளை முன்னிறுத்தி ஆராய்தல் பயனுடையது. யாழ்ப்பாண நகரின் மணிக்கூட்டுக் கோபுரம் அதற்கு ஏற்ற சான்றாகும்.

இக்கோபுரத்தின் தோற்றம் ஆங்கில முடியாட்சியோடு தொடர்புடையது. விக்டோரியா மகாராணியின் மூத்த மகனும் வேல்ஸ் இளவரசருமான அல்பேட் எட்வேட் 1875 ஆம் ஆண்டு இலங்கைக்கு வருகை தந்தார். அவ்வருகையின் ஞாபகார்த்தமாகவே கோபுரம் எழுப்பப்பட்டது. கொழும்பு நூதனசாலையை வடிவமைத்த ஜே. ஜி. சிமிதரே இதற்கும் வடிவம் வகுத்தார். கட்டட வேலை 1882 இல் நிறைவெய்தியது.

ஆயின் ஒரு கட்டடத்தின் பொருள் அதனை எழுப்பியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மக்கள் வழக்கில் இளவரசரின் பெயர் நிலைக்கவில்லை. அவர்கள் அதனை மணிக்கூட்டுக் கோபுரம் என்றே அழைத்தனர். அருகே செல்லும் வீதியும் அப்பெயரையே பெற்றது. கைக்கடிகாரம் சிலருக்கே உரியதாயிருந்த காலத்தில், பொது மணிக்கூடு செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே நேரத்தையே காட்டிற்று. ஆட்சியாளருக்கு ஞாபகச் சின்னமாயிருந்தது குடிமக்களுக்குப் பொதுவுடைமையாயிற்று. ஆகவே, பின்னர் அது சிதைந்தபோது இழப்புக்கு உள்ளானோர் அரச வமிசத்தினரல்லர், அந்நகர மக்களேயாவர்.

கோபுரத்துக்கு அண்மையிலுள்ள பொதுநூலகம் 1981 இல் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அயலிலுள்ள கோட்டை 1990 இல் முற்றுகைக்குள்ளாகிக் கடுஞ்சமரைக் கண்டது. இச்சூழலில் நின்ற கோபுரமும் சேதமுற்றது. 2002 இன் போர்நிறுத்த உடன்படிக்கையை ஒட்டிய காலப்பகுதியில் அது புனரமைக்கப்பட்டது.

இப்புனரமைப்பை இருவகையாக நோக்கலாம். காயத்தின் வடுவை அழித்தல் காயப்படுத்தியவருக்கே துணைபோகும் என்பது ஒரு சாரார் வாதம். சிதைந்த சுவர் ஒரு சாட்சி. அதற்குச் சாந்து பூசுவோர் சாட்சியின் வாயை அடைக்கின்றனர் என்பர் இவர்கள். எரிந்த நூலகத்தின் சுவர்களை அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும் என்ற கருத்து எழுந்ததும் இவ்வுணர்வினாலேயாம். வாழ்வோருக்கு வாழ்விடம் வேண்டும், இடிபாடுகளின் நடுவே ஒரு தலைமுறையை வளர்த்தல் அறமாகாது என்பது மறுசாரார் வாதம்.

முதலாவது வாதத்தைச் செயலிற் காட்டிய நகரொன்று இத்தாலியில் உண்டு. பொலோஞா நகரின் புகையிரத நிலையத்தில் 1980 ஆகஸ்ட் 2 ஆம் திகதி காலை 10.25 மணிக்குக் குண்டு வெடித்தது. 85 பேர் மாண்டனர். நிலையத்தின் மணிக்கூடு அக்கணத்திலேயே நின்றது. இன்று அங்கு செல்வோர் 10.25 இல் அசையாது நிற்கும் முட்களைக் காண்பர். எனினும் அம்மணிக்கூடு வெடிப்பின் பின்னர் திருத்தப்பட்டுப் பல்லாண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது. 1996 இல் பழுதுற்று நின்ற பின்னரே அதனை 10.25 இல் நிரந்தரமாக நிறுத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. பிற்காலத்தில் உளவியலாளர் அந்நகர மக்களிடம் விசாரித்தபோது, பெரும்பாலானோர் அது வெடிப்புநாள் தொட்டே நின்றிருந்ததாக நம்பினர். அது ஓடிய ஆண்டுகள் அவர்தம் நினைவிலிருந்தே நீங்கியிருந்தன.

இவ்வுண்மை இரு சாராருக்கும் பாடமாகும். நிறுத்தப்பட்ட மணிக்கூடு நினைவைக் காத்தது. அதேவேளை அதனைத் திரித்தும்விட்டது. மறுபுறத்தில், மணிக்கூடு ஓடிய ஆண்டுகளிலும் பொலோஞா மக்கள் மாண்டோரை மறந்தாரில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் அவ்விடத்திற் கூடி, அந்நேரத்தில் மௌனமாய் நின்றனர். நினைவைத் தாங்கியது மனிதரின் செயலேயன்றி இரும்பு முட்களல்ல.

எனவே மறத்தல் வேறு, மறைத்தல் வேறு, திருத்துதல் வேறு எனப் பிரித்தறிதல் வேண்டும். உடைந்ததைத் திருத்துதல் குற்றமன்று. அது உடைந்ததே இல்லை என்பதுபோல் நடந்துகொள்ளுதலே குற்றம். கட்டிய ஆண்டையும் கட்டுவித்தோர் பெயரையும் மட்டும் கூறி, சிதைவைக் கூறாது விடும் வரலாறு அரைகுறையானது. அவ்வாறே, சிதைவை மட்டும் கூறி, அதனைச் சூழ்ந்து மக்கள் நூறாண்டு வாழ்ந்த வாழ்வைக் கூறாது விடுவதும் அரைகுறையானதே.

இன்னொரு தடையும் எழலாம். மாண்டோர் தம் விருப்பத்தைக் கூற இயலாதவராயிருக்க, அவர் சார்பில் முடிவுசெய்யும் உரிமை எவருக்குண்டு? உரிமை என்று நோக்கினால் இதற்கு விடையில்லை. கடமை என்று நோக்கின் விடை தெளிவாகும். வாழ்வோர் இறந்தோருக்கு உண்மையைக் கடன்பட்டிருக்கின்றனர். பிறக்கவிருப்போருக்கு வாழத்தக்க நகரைக் கடன்பட்டிருக்கின்றனர். ஒரு கடனைத் தீர்ப்பதற்காக மற்றதைக் கைவிடல் நியாயமாகாது.

போரின் பின் பிறந்த பிள்ளை கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து நேரத்தை மட்டும் அறிந்துகொண்டு செல்லுமாயின், அது அப்பிள்ளையின் குறையன்று. அதற்காகவே கோபுரம் உள்ளது. இக்கோபுரம் ஏன் திருத்தப்பட்டது என அப்பிள்ளை ஒருநாள் வினவும்போது விடைகூற ஒருவரும் இல்லாதிருப்பதே சமூகத்தின் குறையாகும். கல்லும் சாந்தும் அவ்விடையைக் கூறமாட்டா. அது மனிதர் கூறவேண்டிய விடை.