பெயரைக் கழற்றி வைத்த இடம்

சொற்பொழிவு ஒன்றிற்காகச் சாமராஜநகர் சென்றிருந்தபோது, மாலை வேளையில் ஊர் மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். சிறுவர்கள் வெறுங்காலுடன் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் நீலமும் வெள்ளையும் பட்டையிட்ட அர்ஜென்டினா சட்டை அணிந்திருந்தான்; முதுகில் 10 என்ற எண். என்னுடன் வந்தவர் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எல்லைக்கு இப்பால் உள்ள தாளவாடியிலிருந்து சொற்பொழிவு கேட்க வந்திருந்தார். அந்தச் சிறுவனையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்:

“இந்த மைதானத்தில் இந்தச் சட்டையை முதலில் போட்டவன் என் தம்பி, சுவாமி. 1986 உலகக் கோப்பைக்குப் பிறகு எல்லோரும் அவனை மரடோனா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவனுக்கு வாங்கித் தர ஆட்கள் காத்திருப்பார்கள். முழங்கால் அடிபட்டதும் ஆட்டம் போயிற்று; குடி மட்டும் தங்கிவிட்டது. மாதேஸ்வரன் மலைக்குப் போய்க் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தான். நாற்பது நாள் இருந்தான். நாற்பத்தோராம் நாள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு மனவுறுதி இல்லை, சுவாமி. நீங்கள் ஒருமுறை எடுத்துச் சொன்னால் கேட்பான்.”

“மனத்தை இறைவனிடம் திருப்பச் சொல்லுங்கள் ஐயா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பதில் போதாது என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. அவருக்கு இருந்த எண்ணமே எனக்கும் இருந்தது. உறுதி இருந்தால் விட்டுவிடலாம், விடவில்லை என்றால் உறுதி இல்லை என்றே நானும் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் சரிதானா? வேண்டாம் என்று ஒருவர் மெய்யாகவே நினைக்கிறார். ஆயினும் அதையே செய்கிறார். இதைக் குற்றம் என்பதா, நோய் என்பதா? அவரை எந்த அளவுக்குப் பொறுப்பாளி ஆக்குவது?

புகழ் செய்த காவல்

அந்தத் தம்பிக்குப் பெயர் கொடுத்தவரிடமிருந்தே தொடங்கலாம். டியேகோ மரடோனா 1960-இல் பிறந்து, புவனோஸ் அய்ரஸ் நகரின் புறத்தே வில்லா ஃபியோரிட்டோ என்ற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். 1986-இல் தம் நாட்டுக்கு உலகக் கோப்பையை வென்று தந்தார். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர அணி 1987-லும் 1990-லும் அந்நாட்டின் லீக் பட்டத்தைப் பெறக் காரணமாக இருந்தார். அதே ஆண்டுகளில் கொக்கெயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையாகியும் இருந்தார். 1991-இல் சோதனையில் அது வெளிப்பட்டுப் பதினைந்து மாதம் ஆடத் தடை விதிக்கப்பட்டது. 1994 உலகக் கோப்பையின் நடுவே, எஃபிட்ரின் என்ற ஊக்கமருந்தின் காரணமாக வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 2000-லும் 2004-லும் இதயம் பாதிக்கப்பட்டு உயிருக்குப் போராடினார். சிகிச்சைக்காகக் கியூபாவில் பல காலம் தங்கினார். 2007-இல் மதுவினால் மீண்டும் மருத்துவமனையை அடைந்தார். 2020 நவம்பர் 25-ஆம் நாள், அறுபது வயதில், இதயம் செயலிழந்து மறைந்தார்.

நம் நாடும் அவரைக் கண்டது. 2008 டிசம்பரில் அவர் கொல்கத்தாவுக்கு வந்தபோது நள்ளிரவிலும் பெருங்கூட்டம் காத்திருந்தது. அன்னை தெரசாவின் இல்லத்திற்கும் அவர் சென்றார். 2012-இல் கேரளத்தின் கண்ணூருக்கு வந்தபோதும் அதே கொண்டாட்டம். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் 1998-இல் அவருடைய ரசிகர்கள் அவர் பெயரில் ஒரு ‘திருச்சபை’யையே தொடங்கியிருந்தார்கள்.

இத்தனை அன்பு சூழ்ந்திருந்தும் அவர் ஏன் விடுபடவில்லை என்று கேட்கிறோம். அந்த அன்பு யாருக்குச் சென்றது என்று முதலில் கேட்க வேண்டும். கூட்டம் நேசித்தது ஒரு பெயரை. அந்தப் பெயருக்குப் பின்னால் உறங்க முடியாமல், அச்சத்துடன், வெட்கத்துடன் இருந்த மனிதரை அது அறியவில்லை. பெயர் உயர உயர, மனிதர் தம் உண்மை நிலையைச் சொல்லக்கூடிய இடம் குறைந்துகொண்டே போகிறது. கடவுளாக்கப்பட்டவர் தமக்கு உதவி வேண்டும் என்று யாரிடம் சென்று சொல்வார்? சுற்றியிருப்பவர்கள் அவருடைய புகழால் வாழ்கிறார்கள். அவர்களும் சொல்ல மாட்டார்கள். இவ்விதமாகப் புகழ் நோய்க்குக் காவல் நிற்கிறது.

இது உலகப் புகழ் பெற்றவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஒரு மைதானத்தின் அளவே புகழ் பெற்ற அந்தத் தம்பிக்கும் வெற்றியின் பரிசாகக் கிளாஸை நீட்டியவர்கள் இருந்தார்கள்.

உறுதிக்குக் குறைவில்லாதவர்

மனவுறுதியைப் பற்றிய நம் எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க இன்னொரு வீரரின் வாழ்க்கை உதவுகிறது. 1966-இல் பிறந்த டோனி ஆடம்ஸ், இலண்டனின் ஆர்சனல் அணியில் பதினேழு வயதில் ஆடத் தொடங்கி, இருபத்தொரு வயதில் அதன் தலைவரானார். தற்காப்பு ஆட்டக்காரர். வலியைப் பொறுத்தல், தோல்விக்கு இணங்காமை, பிறரைத் தாங்கி நிறுத்துதல் ஆகியவையே அவருடைய ஆட்டத்தின் இயல்பு. மனவுறுதி என்றால் என்ன என்று கேட்பவர்க்கு அந்நாட்டு ரசிகர்கள் அவரையே சுட்டிக்காட்டியிருப்பார்கள்.

அவர் குடிநோயாளி. 1990 மே மாதம் குடித்துவிட்டுக் காரோட்டிச் சுவரில் மோதினார். அந்த ஆண்டு டிசம்பரில் நான்கு மாதச் சிறைத்தண்டனை பெற்று, அதில் ஏறத்தாழப் பாதியைக் கழித்து வெளியே வந்தார். அந்தப் பருவத்திலேயே அவருடைய அணி ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்று லீக் பட்டத்தை வென்றது. வெற்றி எல்லாவற்றையும் மூடிவிட்டது. சிறை நிறுத்தாத குடி மேலும் ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

1996-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கினார். அரையிறுதியில் அணி ஜெர்மனியிடம் தோற்றது. அதன்பின் பல வாரங்கள் குடியில் கழிந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 16-ஆம் நாளுடன் குடி நின்றது. செப்டம்பரில் சக ஆட்டக்காரர்களின் முன் நின்று, தாம் ஒரு குடிநோயாளி என்று சொன்னார்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அவருடைய உறுதி முப்பது வயது வரை ஒருபோதும் குறையவில்லை. நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் அவரைத் தாங்கிய அந்த உறுதி, ஒரு கிளாஸின் முன்னால் பயன்படவில்லை. ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவரை அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். ‘என்னால் தனியாக முடியவில்லை’ என்று பிறர் அறியச் சொன்னபின்தான் விடுதலை தொடங்கியது.

எறிந்த கல்

அப்படியானால் குடிநோயாளிக்குப் பொறுப்பே இல்லையா?

அரிஸ்டாட்டில் தம் நீதிநூலின் மூன்றாம் பகுதியில் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். கல்லை எறிந்தபின் திரும்ப அழைக்க முடியாது. ஆயினும் எறிவதும் எறியாததும் ஒரு காலத்தில் நம் கையில் இருந்தன என்கிறார். தன் ஒழுங்கின்மையால் நோயுற்றவன், நலம் பெற வேண்டும் என்று ஆசைப்படுவதால் மட்டும் நலம் பெற்றுவிட மாட்டான் என்பதையும் அவரே சொல்கிறார். முதல் கூற்றை வைத்துக் குடிநோயாளியைக் குற்றம் சாட்டுகிறவர்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

பகவத்கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் அர்ஜுனன் கேட்பதும் ஏறக்குறைய இதே கேள்விதான்: விரும்பாமலிருந்தும், யாரோ வலிந்து செலுத்துவதுபோல் மனிதன் தவறு செய்கிறானே, அவனைச் செலுத்துவது எது? பகவான் காமத்தையும் கோபத்தையும் பகைவனாகக் காட்டிவிட்டு, அது எங்கே குடியிருக்கிறது என்பதையும் சொல்கிறார். புலன்களில் மட்டுமல்ல, மனத்திலும் புத்தியிலும் அது குடியிருக்கிறது. தீர்மானம் செய்ய வேண்டிய புத்தியே பிடிபட்டுவிட்டால், ‘புத்தியால் தீர்மானித்து வெளியே வா’ என்று சொல்வது, பகைவன் கைப்பற்றிய கோட்டையிடம் காவலை எதிர்பார்ப்பது போன்றது.

இன்றைய மருத்துவமும் இதற்கு அருகில் வந்து நிற்கிறது. நீண்டகாலக் குடி, மூளையில் இன்பத்தை உணர்த்தும் பாதைகளையும், நிதானித்து முடிவெடுக்கும் முன்பகுதியையும் மாற்றிவிடுகிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, சித்தபிரமை ஆகியவை வரலாம். சில வேளை உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே தொடக்கத்தில் மருத்துவரின் மேற்பார்வை தேவை. கற்பூரம் அடித்துச் செய்த சத்தியம் பொய்யானதன்று. அது மெய்யான விருப்பமே. ஆனால் மருந்தும் துணையும் செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு சத்தியத்தின்மேல் சுமத்திவிட்டோம்.

ஆகவே பொறுப்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. ஆசை எழுவதற்கு அவர் இன்று பொறுப்பல்லர். உதவி இருக்கும் இடத்திற்குச் செல்வதற்கும், தம்மால் பிறர் பட்ட துன்பத்தை ஒப்புக்கொண்டு இயன்றவரை ஈடு செய்வதற்கும் அவரே பொறுப்பு. ‘நான் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் விடுவேன்’ என்பவர் உறுதியுள்ளவர்போல் தோன்றினாலும் பொறுப்பைத் தள்ளிப்போடுகிறார். ‘என்னால் முடியவில்லை, உதவுங்கள்’ என்பவர் பலவீனர்போல் தோன்றினாலும் பொறுப்பை ஏற்கிறார். இரண்டையும் நாம் பெரும்பாலும் தலைகீழாகவே மதிக்கிறோம்.

பெயரில்லாத கூட்டம்

டோனி ஆடம்ஸ் சென்றுசேர்ந்த இடம் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் அமைப்பின் கூட்டம். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குச்சந்தையில் பணிபுரிந்த ஒருவரும் அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவருமாக இரு குடிநோயாளிகள் சந்தித்ததிலிருந்து அது பிறந்தது. இந்தியாவில் 1957 முதல் செயல்படுகிறது. உறுப்பினராகக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே போதும். முதற்படி, மதுவின்முன் தாம் சக்தியற்றவர் என்று ஒப்புக்கொள்வது.

அனானிமஸ் என்றால் பெயரிலி. வாழ்நாள் முழுதும் பெயருக்காக ஓடியவர்கள் அந்த அறைக்குள் நுழையும்போது பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள். அங்கே அணித்தலைவரும் லாரி ஓட்டுநரும் ஒரே வரிசை நாற்காலியில் அமர்கிறார்கள். யாரும் யாரையும் புகழ்வதில்லை, இகழ்வதுமில்லை. ஒருவர் தம் கதையைச் சொல்கிறார். மற்றவர் அதில் தம்மைக் காண்கிறார்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், தெளிவோடு இருக்கும் நேரத்தில் குடித்தவன் ஒருவனைக் காண்பவன், தன் நிலையும் இத்தகையதே என்று எண்ண மாட்டானா என்று கேட்கிறார். அந்தக் கூட்டங்களில் நடப்பது இதன் மறுபக்கமும்கூட. விடுபட்ட ஒருவரைக் கண்டு, ‘எனக்கும் இது இயலும்’ என்று அறிவதும் அங்கே நிகழ்கிறது.

பெயர் உதிர்ந்தபின் மனிதர் எஞ்சுகிறார். நான் வென்றவன் என்ற எண்ணமும் நான் கெட்டவன் என்ற எண்ணமும் அகங்காரத்தின் இரு முகங்களே. இரண்டும் விலகிய இடத்தில் உண்மை பேச முடிகிறது. குடியை விட்டபின் ஆடம்ஸ் 1998, 2002 ஆகிய இரு பருவங்களிலும் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2000-இல், தம்மைப்போல் அடிமைப்பட்ட விளையாட்டு வீரர்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பை நிறுவினார். சக ஆட்டக்காரர்களின் முன் சொன்ன ஒரு வாக்கியம், பிறர் நுழையும் கதவாயிற்று.

அண்ணன் செய்யக்கூடியது

ஆசிரியர் ஐயாவுக்கு அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

தம்பி குடித்திருக்கும்போது அறிவுரை சொல்லாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது பேசுங்கள். இன்னொரு சத்தியம் கேட்காதீர்கள். உடைந்த சத்தியம் ஒவ்வொன்றும் அவருடைய வெட்கத்தைக் கூட்டுகிறது, அந்த வெட்கத்தை மறக்க அவர் மீண்டும் குடிக்கிறார். அவருடைய கடனை மறைவாக அடைப்பதையும் அவருக்காகப் பொய் சொல்வதையும் நிறுத்துங்கள். அது அன்புபோல் தோன்றினாலும் நோய்க்கே துணை செய்கிறது. சிகிச்சை இருக்கும் இடத்திற்கு அவருடன் நீங்களும் செல்லுங்கள். பெங்களூரின் நிமான்ஸ் மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அவர்கள் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை உண்டு, குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த துயரிலிருந்து அதை எழுப்பியவர் அவர். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமிருந்தும் தொடங்கலாம்.

மீண்டும் ஒருமுறை அவர் தவறலாம். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் மீண்டும் மீண்டும் ஏறுவதுண்டு. அதற்காக நோயாளியை வீட்டைவிட்டு விரட்டுவதில்லை. நாற்பது நாள் அவரால் இருக்க முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். துணையின்றியே அவர் கடந்த நாற்பது நாள் அது.

முக்கியமாக, அவரை மரடோனா என்று அழைப்பதை ஊரார் விட்டுவிடட்டும். குடிகாரன் என்று அழைப்பதையும் விட்டுவிடட்டும். தாய் தந்தையர் இட்ட பெயரால் அழைத்து, “வா தம்பி, நானும் வருகிறேன்” என்று நீங்கள் சொல்லுங்கள். அந்த நாள் அவர் மறுக்கலாம். அடுத்த காலையிலும் அதையே சொல்லுங்கள்.