ஏற்றிய ஊசியும் ஏற்றாத ஊசியும்

செய்ததனால் விளையும் தீமையும் செய்யாது விட்டதனால் விளையும் தீமையும் ஒழுக்க நோக்கில் ஒரே எடையுடையனவா என்பது மெய்யியல் மாணவர்க்குப் பழகிய வினா. வள்ளுவர் இவ்விரண்டையும் ஒரே குறளில் வைத்து, இரண்டாலும் கேடு உண்டு என்றார். எது பெரிய கேடு எனக் கூறினாரல்லர். விரிவுரை மண்டபத்தில் நான் கேட்கும் முன்னரே இவ்வினா 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்துவிட்டது. கொவிட் தடுப்பூசி ஏற்றுவதற்கு அழைத்துச் செல்ல முயன்றபோது அம்மம்மா கேட்டார்: "ஊசி போட்டு எனக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?"

நோயினால் முதியோர் இறக்கும் வீதத்தையும் ஊசியினால் ஏற்படக்கூடிய தீங்கின் அருமையையும் எடுத்துரைத்தேன். "வருத்தம் வந்து செத்தால் அது விதி. நீ கூட்டிக்கொண்டு போய் நடந்தால்?" என்றார். அவர் கணக்கறியாதவர் அல்லர்; ஊரார் சீட்டுக் கணக்கையெல்லாம் மனத்திலேயே வைத்திருந்தவர்.

ஊசிக்குப் பின்வாங்குவோரை அறியாமையுடையோர் என்று ஒதுக்கிவிடுதல் நம்போன்ற படித்தோரின் வழக்கம். இவ்விளக்கம் போதாது. 1990இல் ரிட்டோவ், பரன் என்னும் ஆய்வாளர் இருவர் ஒரு கற்பனை நிலைமையை முன்வைத்தனர். பத்தாயிரம் குழந்தைகளுள் பத்துப் பேரைக் கொல்லும் ஒருவகைச் சளிக்காய்ச்சல். அதனை முற்றாகத் தடுத்தாலும் சிலரைத் தானே கொல்லக்கூடிய ஓர் ஊசி. ஊசியினால் இறப்போர் பத்துக்கு மிகக் குறைவாக இருப்பினும் தம் குழந்தைக்கு அதனை ஏற்ற மாட்டோம் என்றோர் பலர். எண்கள் அவர்கள் கண்முன்னே இருந்தன. தம் கையால் விளையும் ஒரு மரணம் தாமாக வரும் பல மரணங்களினும் கனத்தது என்பதே அவர்தம் தீர்ப்பு.

பிரித்தானியாவின் குக்கல் வரலாறு இதனை நன்கு காட்டும். முக்கூட்டுத் தடுப்பூசியின் பின் மூளை பாதிப்புற்ற 36 குழந்தைகளைப் பற்றி 1974இல் இலண்டன் வைத்தியர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். நூற்றுக்கு எண்பதை அண்டியிருந்த தடுப்பூசி ஏற்றம் சில ஆண்டுகளுள் முப்பதை அண்டி வீழ்ந்தது. ஐயம் எழுப்பியோருள் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் ஸ்ரூவட்டும் ஒருவர். அறியாமை என்று யாரைச் சொல்வது? தடுப்பூசியின் வெற்றியே அதற்குப் பகையாயிற்று என்பதும் கருதத்தக்கது. மூச்சுத் திணறி நீலம் பாரித்த குழந்தையை அக்காலத் தாய்மார் பலர் கண்டதில்லை. ஊனமுற்ற குழந்தையைத் தொலைக்காட்சியில் கண்டிருந்தனர். 1977இல் தொடங்கிய கொள்ளைநோய் ஒரு இலட்சத்திற்கு மேற்பட்டோரைப் பீடித்தது.

அரசு புள்ளிவிவரங்களைக் கூறிக்கொண்டிருந்தது. பாதிப்புற்ற குழந்தைகளின் பெற்றோர் சங்கம் கேட்டதோ வேறு: நடந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது. 1979இல் நிறைவேறிய சட்டம், எவருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டாது, கடும் ஊனமுற்றோர்க்குப் பத்தாயிரம் பவுண் வழங்கியது. அச்சட்டத்தினாலேயே மக்கள் திரும்பினர் எனல் மிகை; கொள்ளைநோயைக் கண்ணாற் கண்டமையும் காரணமாகலாம். அவ்வூசி நிலையான மூளைப் பாதிப்பை விளைவிக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என இலண்டன் நீதிமன்றம் 1988இல் தீர்த்தது. ஊசியின் விளைவென்று கருதப்பட்ட பதினான்கு நோயாளருள் பதினொருவரிடம் மரபணு மாற்றம் இருந்ததை 2006இல் ஓர் ஆய்வு கண்டது. முப்பது ஆண்டுகளின் பின் வந்த இவ்வுண்மை 1975இல் தொட்டிலருகே நின்ற தாய்க்கு எவ்வாறு உதவும்?

விளைவையே அளவுகோலாகக் கொள்ளும் பயன்வழிவாதி, செய்தலுக்கும் விடுதலுக்கும் வேறுபாடே இல்லை என்பான். நான் அவ்வளவு தூரம் செல்லேன். வழிப்போக்கன் ஒருவன் நீரில் மூழ்குவோனைக் காவாது விடுதலும் அவனைத் தள்ளிவிடுதலும் ஒன்றல்ல. ஆயின் பெற்றோர் வழிப்போக்கர் அல்லர். காவல் ஒப்படைக்கப்பட்டவர் வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் அவரே பொறுப்பாளர். அன்றியும், ஊசி ஏற்றும் வயதை எட்டாத அயல்வீட்டுச் சிசு நம் வீட்டுப் பிள்ளையின் இருமலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள இயலாது. ஆதலால் "நான் ஒன்றும் செய்யவில்லையே" என்னும் ஆறுதல் அவர்க்கு இல்லை.

இவ்வாதம் அம்மம்மாவின் வினாவைத் தீர்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கேட்டது நிகழ்தகவை அன்று. கையை நீட்டச் சொல்பவர் பின்னர் அருகில் நிற்பாரா என்பதையே. நான் அதற்கு எண்களைக் கொடுத்தேன்.

மறுவாரம் எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது வந்தார். என் தங்கை பிறந்த காலந்தொட்டு எங்கள் படலையைத் திறந்து வருபவர். அவர் விளக்கம் எதுவும் கூறவில்லை. "இரவிலை ஏதும் எண்டால் எனக்குக் கோல் எடுங்கோ அம்மா" என்று தம் இலக்கத்தை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிவைத்துச் சென்றார். அடுத்த நாட் காலை அம்மம்மா எனக்கு முன்னரே சேலை மாற்றி ஆயத்தமாக இருந்தார்.

அன்றிரவு பத்து மணியளவில் காய்ச்சல் கண்டது. நாட்காட்டியைப் பார்த்து அழைத்தேன். இரண்டாம் மணி ஒலிக்குமுன் மருத்துவமாது எடுத்துவிட்டார்.