விளையாட்டுக்குத்தானே

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் முன்பெல்லாம் இலையுதிர்காலத்தில் மக்காச்சோள அறுவடை முடிந்ததும் ஒரு கூட்டம் நடக்கும். கதிர்களைக் கொட்டகையில் மலைபோல் குவித்துவைத்து அக்கம்பக்கத்தாரை அழைப்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஆணும் பெண்ணும் உட்கார்ந்து கதிரின் மேலுறையை உரிப்பார்கள். இரண்டு அணியாகப் பிரிந்து போட்டி போடுவதும் உண்டு. வேலை முடிந்தால் விருந்து, பிடில் இசை, நடனம். ஒரு குடும்பம் தனியாகச் செய்தால் நாள்கணக்கில் இழுக்கும் வேலை, ஊர் கூடினால் சீக்கிரம் முடிந்துவிடும். 'ஹஸ்கிங் பீ' என்று அதற்குப் பெயர்.

சலிப்பூட்டும் அந்த வேலையை விளையாட்டாக்கியது ஒரு விதி. குவியலில் எப்போதாவது ஒரு சிவப்புக் கதிர் அகப்படும். அதை உரித்தவருக்கு முத்தம் பரிசு. ஜோயல் பார்லோ என்ற அமெரிக்கக் கவிஞர் 1793இல் எழுதிய 'ஹேஸ்டி புட்டிங்' என்ற கவிதையில் இந்த விதி வருகிறது. சிவப்புக் கதிர் ஆணின் கையில் கிடைத்தால், ஒருத்தியிடம் மட்டுமல்ல, பொதுவாகவே முத்தம் பெறும் உரிமை அவனுக்கு வந்துவிடும். பெண்ணின் கையில் கிடைத்தால் அவள் சுற்றிவந்து தனக்குப் பிடித்த ஒருவனைத் தேர்ந்தெடுப்பாள். அவன் துள்ளி எழுந்து முத்தம் தருவான்.

வேடிக்கையான விதி என்றுதான் முதலில் தோன்றும். இரண்டாம் முறை படிக்கும்போது உறுத்துகிறது. அவனுக்கு எல்லோரும், அவளுக்கு ஒருவன். அவள் தேர்ந்தெடுப்பதற்குக்கூட அதிர்ஷ்டம் அவள் கைக்கு வர வேண்டும். கதிர் கிடைக்காத மற்ற பெண்களுக்கு அந்த இரவில் சொல்வதற்கு எதுவும் இல்லை. கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்ததே சம்மதம் என்று ஆகிவிடுகிறது.

இதை அப்படியே தள்ளிவிடவும் மனம் வரவில்லை. தன் ஆசையை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒருத்திக்கு அந்தச் சிவப்புக் கதிர் ஒரு வாயாக இருந்திருக்கும். உரிமை இல்லாத இடத்தில் சாக்கு தேவைப்படுகிறது. நம் கிராமங்களில் பொங்கலையொட்டி முறைமாமன்மீது மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடும் பெண்ணுக்கும் அந்த ஒரு நாள் அப்படியொரு சாக்குத்தான். அவளிடமிருந்து அதைப் பிடுங்க நான் யார்?

ஆனால் சாக்கு இருபக்கமும் வெட்டும். விரும்பிய பெண்ணுக்குத் துணையாக நின்ற அதே விதி, விரும்பாத பெண்ணுக்கு எதிரே வந்து நின்றவனுக்கும் துணையாக நின்றது. முத்தத்தில் அவள் முகம் சிவந்தால் ஊர் அதை விருப்பம் என்றே படிக்கும். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்குக் குணம் வகுத்துவைத்த மொழியைப் படித்தவள் நான், அதையே பாடமாக நடத்துகிறவளும்கூட. நாணத்தில் சிவந்த முகமும் அவமானத்தில் சிவந்த முகமும் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுதான். வேறுபாடு அவளுக்கு மட்டுமே தெரியும். அவளைத்தான் யாரும் கேட்பதில்லை.

விளையாட்டைப் பற்றி ஆழமாக யோசித்த டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹாய்சிங்கா, 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் விளையாட்டின் முதல் இலக்கணமாகச் சொல்வது அது தன்விருப்பத்தால் நடப்பது என்பதைத்தான். ஆணையிட்டு நடத்தினால் அது விளையாட்டு அல்ல. அதே நூலில் அவர் இன்னொன்றும் சொல்கிறார். விளையாட்டில் ஏமாற்றுகிறவனைச் சமூகம் எளிதில் மன்னித்துவிடும், விளையாட்டைக் கலைப்பவரைத்தான் மன்னிக்காது. ஏமாற்றுகிறவன் விதியை மதிப்பதுபோலாவது நடிக்கிறான், கலைப்பவர் அந்த உலகத்தையே உடைத்துவிடுகிறார். இதைக் கொட்டகைக்குள் வைத்துப் பார்க்கலாம். சிவப்புக் கதிரைச் சட்டைப்பைக்குள் ஒளித்து எடுத்துவந்தவன் மாட்டிக்கொண்டால் 'கில்லாடி' என்று சிரித்திருப்பார்கள். 'எனக்கு வேண்டாம்' என்று முகத்தைத் திருப்பியவளை என்ன சொல்லியிருப்பார்கள்?

இயந்திரங்கள் வந்தபின் அந்தக் கூட்டங்கள் மறைந்தன. விதி மறையவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆசிரியர்களுக்கான பொங்கல் விழா. கோலப்போட்டி, இசை நாற்காலி எல்லாம் முடிந்து, கடைசியாகத் துண்டுச்சீட்டு விளையாட்டு. சீட்டில் எழுதியிருப்பதைச் செய்து காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் ஆசிரியைக்கு வந்த சீட்டில், எதிரில் இருக்கும் ஆண் ஆசிரியரோடு ஒரு காதல் பாட்டுக்கு ஆட வேண்டும் என்றிருந்தது. அவர் சீட்டை மடித்தார், தலையசைத்தார், உட்கார்ந்துவிட்டார். ஒரு கணம் அமைதி. "அட, விளையாட்டுக்குத்தானே, வாங்க!" என்று ஒரு குரல். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் எழுந்து முகம் சிவக்க நாலு அடி ஆடிவிட்டுப் போனார்.

அந்தக் குரல் என்னுடையது. பெண்ணுடல், பெண்மொழி என்று மேடைதோறும் பேசியவளின் குரல். விழா கலைந்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் நான் ஊரின் பக்கம் நின்றேன். அடுத்த பொங்கலுக்கு அவர் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

விளையாட்டே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வளர்ந்த பெண்கள் ஓடி, ஆடி, தோற்று, சிரிக்கும் நாள்கள் நமக்குக் குறைவு. அவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் விளையாட்டின் விதி யாருடைய உடலுக்காகவும் சம்மதம் சொல்ல முடியாது. ஒரு விளையாட்டு நல்லதா என்று தெரிந்துகொள்ள, அதில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 'நான் வரவில்லை' என்றவளுக்கு மறுநாள் காலையிலும் அதே மரியாதையும் அதே இடமும் கிடைத்தனவா என்று பார்த்தால் போதும்.

அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"பரவாயில்லக்கா, விளையாட்டுக்குத்தானே" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.