பழைய கார்டு பாக்கி: யாருக்கு, எவ்வளவு?

எப்போதோ மூடிவிட்டதாக நினைத்திருந்த கிரெடிட் கார்டுக்கு, எட்டு வருடம் கழித்து ஒரு போன் வருகிறது. பேசுபவர் வங்கி ஊழியர் அல்ல, பாக்கியை வசூலிக்க அமர்த்தப்பட்ட ஏஜென்சியின் ஆள். தொண்ணூறாயிரம் நிலுவை என்கிறார். எந்தச் செலவுக்கு என்று கேட்டால், “உங்க கார்டு பாக்கிதான் சார், இன்னைக்கே கட்டினா நாப்பதாயிரத்துல செட்டில் பண்ணிடலாம்” என்று பதில் வருகிறது.

போனை வைத்ததும் இரண்டு விதமான யோசனைகள் கிடைக்கும். “மூணு வருஷம் தாண்டிடுச்சு, கோர்ட்டுக்குப் போக முடியாது, விட்டுத்தள்ளு” என்பார் ஒருவர். “சிபில் கெட்டுப்போகும், வீட்டு வாசல்ல ஆள் வந்து நிப்பான், கொடுத்துத் தொலை” என்பார் இன்னொருவர். முதலாமவர் தப்பிக்க வழி சொல்கிறார், இரண்டாமவர் பயத்துக்கு வழி சொல்கிறார். அந்தப் பணம் உண்மையிலேயே கொடுக்க வேண்டியதுதானா என்று இருவருமே கேட்கவில்லை. அறம் சார்ந்த கேள்வி அது ஒன்றுதான்.

முதல் யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுகளே அவகாசம். ஆனால் அந்த அவகாசம் முடியும்போது பறிபோவது வழக்குப் போடும் வழி மட்டுமே, கடன் அழிந்துவிடுவதில்லை. நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது இது. காலாவதியான கடனைத் திருப்பித் தருவதாக ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் அந்த வாக்கு செல்லும் என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவில் சொல்கிறது. கடன்பட்டவரின் மனசாட்சிக்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

நம் ஊர்களில் புரோநோட்டு எழுதிக் கடன் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று வருடம் முடியும் முன்பே கடன் வாங்கியவர் ஒரு தொகையைக் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போடுவார். நோட்டுக்கு உயிர் நீளும். அவசரத்துக்குக் கொடுத்தவர் ஏமாறக் கூடாது என்று நினைத்து, கேட்பதற்கு முன்பே வந்து வரவு வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. காலாவதியை ஒரு சலுகையாக அவர்கள் எண்ணவில்லை. அந்த மனம் சரியானது. வாங்கிய பொருளை அனுபவித்துவிட்டு நாள் கடந்துபோனதைக் காட்டிக் கைகழுவுவது சட்டப்படி தப்பல்ல என்றாலும் நேர்மையல்ல.

அதற்காகக் கார்டு பாக்கியைப் புரோநோட்டைப் போலவே பார்க்க முடியாது. புரோநோட்டில் தொகையும் வட்டியும் இருவர் கண் முன்னால் எழுதப்பட்டவை. கார்டு கணக்கு அப்படியல்ல. நிலுவையில் விட்ட ஆயிரம் ரூபாய்க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்து, வட்டிக்கு வட்டியும் ஏற்றிப் பாருங்கள்: எட்டு ஆண்டுகளில் அது ஏறக்குறைய 27,000 ரூபாய். தாமதக் கட்டணமும் வரியும் தனி. ரத்து செய்யச் சொல்லியும் போடப்பட்ட வருடாந்திரக் கட்டணத்தில் தொடங்கிக்கூட இப்படி ஒரு தொகை வளரலாம். கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் கார்டு விதிகளில் எழுதியது சும்மா அல்ல.

ஆகவே தொண்ணூறாயிரம் என்பதை ஒரே தொகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கிய சாமானின் விலை, ஒப்புக்கொண்ட வட்டி, எவரோ ஏற்றியது, தனக்குச் சம்பந்தமே இல்லாதது எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பிரித்துக் காட்ட வேண்டியது கேட்பவரின் கடமை. மாதவாரி ஸ்டேட்மெண்ட், கார்டு விண்ணப்பம், பாக்கி கைமாறியிருந்தால் அதற்கான ஆவணம், இன்னாரை வசூலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்ற கடிதம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பது கடனை ஏய்க்கும் தந்திரமாகாது. கணக்குக் காட்டாமல் பணம் கேட்பதுதான் தவறு. எழுதிக் கேட்டும் முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

பேசும் ஏஜென்ட் பெரும்பாலும் வசூலித்தால்தான் கமிஷன் பார்க்கும் ஓர் இளைஞர். பாக்கியை உருவாக்கியவர் அவர் அல்ல, அவரிடம் இருப்பது ஒரு பெயரும் ஒரு தொகையும்தான். அவரைத் திட்டித் தீர்ப்பதில் எந்த வீரமும் இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பின்பும் அழைப்பதை, உறவினரையும் நண்பரையும் தொந்தரவு செய்வதை, மிரட்டுவதை ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் தடுத்திருக்கிறது. மகன் வாங்கிய கார்டுக்காக வயதான தாயிடம் “போலீஸ் வரும்” என்று சொல்பவருக்கு வயிற்றுப்பாடு ஒரு விளக்கமாகலாம், நியாயமாகாது. அவரை அனுப்பிய நிறுவனத்துக்கு அந்த விளக்கமும் கிடையாது.

“சண்டை எதற்கு, நாற்பதாயிரத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமே” என்பது இரக்கத்தோடு சொல்லப்படும் யோசனைதான். வீட்டில் நோயாளி இருப்பவர், வீட்டுக்கடனுக்குக் காத்திருப்பவர் அப்படிக் கட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை நேர்மை என்று அழைக்க வேண்டியதில்லை. கடன்பட்டதால் தரும் பணம் வேறு, மிரண்டு தரும் பணம் வேறு. மிரட்டலுக்குப் பலன் கிடைத்தால் அடுத்த எண்ணுக்கும் அதே குரலில் அழைப்பு போகும். அங்கே எடுப்பவர் இன்னும் ஏழையாக இருக்கலாம்.

கடினமான நிலை ஒன்று மிச்சம் இருக்கிறது. வங்கியிடம் பழைய ஸ்டேட்மெண்ட் இல்லை, நிரூபிக்க ஆளில்லை, வழக்குக்கான காலமும் போய்விட்டது. ஆனால் அந்தக் கார்டில்தான் குளிர்சாதனப் பெட்டி வாங்கினோம், கடைசித் தவணைகளைக் கட்டவில்லை என்பது கார்டு வைத்திருந்தவருக்கே தெரியும். கட்டாத அந்தத் தவணைத் தொகையையும் அதற்கு நியாயமான வட்டியையும் அவர் தந்துவிட வேண்டும் என்பதே என் முடிவு. ஆவணம் தொலைந்தது வங்கியின் குறை. வாங்கியது தெரிந்திருப்பது அவருடைய நிலை. இவ்வளவுதான் நான் தர வேண்டியது, மற்றதை ஏற்கவில்லை என்று எழுதி, கணக்கு முடிந்ததற்கான கடிதத்தை முதலில் கேட்டு வாங்கிக்கொண்டு, வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பலாம். அதை வாங்க மறுத்து, கணக்கும் காட்டாமல் முழுத் தொகைக்கே நிற்கும் நிறுவனத்துக்கு அதற்கு மேல் அவர் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை.