கணக்குக் கேட்பது குற்றமல்ல – ஜும்ஆ உரை

நம் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 921-இல் வெட்டியது. 30 குடும்பு, குடவோலை என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் உண்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருடைய பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது.

நபி (ஸல்) அவர்கள், ஜகாத் வசூலித்து வந்த இப்னுல் லுத்பிய்யாவிடம் கணக்குக் கேட்டார்கள். ஒரு பங்கு தனக்கு வந்த அன்பளிப்பு என்றார் அவர். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது வந்திருக்குமா என்று மிம்பரில் ஏறியே கேட்டார்கள் நபியவர்கள்.

நாமோ, "நம்ம ஆளு" என்று வார்டு உறுப்பினரிடம் வாய் திறப்பதில்லை. பக்கத்துக் கிராமங்களிலிருந்து தொழ வந்திருப்பவர்களே, அக்டோபர் 2 கிராம சபையில் கையெழுத்துப் போட்டதும் எழுந்து வந்துவிடாதீர்கள். ஏரி வேலைக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். நம் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கேளுங்கள்.