எந்த டிகிரியில் விடுவது?

மகள் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து, "லூஸ்ல விடுப்பா" என்று எனக்குச் சொல்லாதவர்கள் குறைவு. இரவு அவள் போனை எடுக்காவிட்டால் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருப்பேன். விடு என்று சொல்லிவிடலாம். எப்போது, எவ்வளவு என்று சொல்லத்தான் ஆளில்லை. அந்தக் கேள்விக்குக் கறாரான பதில் வைத்திருப்பவர்கள் எங்கள் பக்கத்தில் மரக்காணத்து உப்பளக்காரர்கள் மட்டும்தான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அந்த வெள்ளைக் குவியல்களின் முன் படம் எடுத்துக்கொள்வார்கள். குவியலுக்கு முந்தைய வேலை எல்லாம் இறுக்கிப் பிடிப்பது. மழைக்காலம் முடிந்ததும் பாத்தித் தண்ணீரை இறைத்து, களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை இளகிக் கிடந்தால் உப்புநீர் கீழே இறங்கிவிடும்; வாரும்போது உப்போடு சேறும் வரும். பிறகு நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் அடியில் தங்கும். அடர்த்தி பார்க்கும் மானியில் 25 டிகிரி வாக்கில்தான் நாம் சாப்பிடும் உப்பு பூக்க ஆரம்பிக்கும்.

ஆசை வருவது இதற்குப் பிறகுதான். இன்னும் காயவிட்டால் இன்னும் உப்பு கிடைக்கும். அந்த நீரில் உப்பு மிச்சமிருப்பது நிஜம். ஆனால் 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து, மூட்டையிலேயே கசியும். ஆகவே மிச்ச உப்போடு அந்தக் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுகிறார்கள்.

விடுவதைப் பெருந்தன்மை என்று பேசுகிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஒன்றுக்கும் ஆகாததை விடுவதில் என்ன பெருமை? இங்கே விடுவது உப்பிருக்கும் நீரை. அதுவும் 20 டிகிரியில் விட்டிருந்தால் ஒரு கைப்பிடி உப்பு மிஞ்சியிருக்காது. எடுத்ததுமே விட்டுவிடச் சொல்லும் என் நண்பர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மகள் பள்ளியில் படித்தபோது நான் பிடித்த பிடி வேண்டியிருந்தது. அதற்கு நான் வருத்தப்படப் போவதில்லை. இப்போது கேட்கும் "சாப்பிட்டியாம்மா?"விலும் பாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் பின்னாலேயே "யாரோட?" என்று ஒன்றும் வர ஆரம்பித்திருக்கிறது. அதைக் கேட்டதும் அவள் பேச்சு "ம்", "சரிப்பா" என்று சுருங்கிவிடுகிறது. எனக்குக் கிடைத்திருக்கும் மானி அது ஒன்றுதான்.

இதையெல்லாம் உப்பளத்தில் கூலிக்கு நிற்பவரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். அவர் கையை விட்டுப் போவதில் பெரும்பகுதி அவரைக் கேட்டுப் போவதில்லை. ஐப்பசி மழையில் அளங்கள் முழுகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் ஏரிபோல் கிடந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத காலத்துக்கென்று தமிழக அரசு தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் தருகிறது. மூன்று மாதத்துக்கு அது போதாது. மழை நின்ற பிறகும் வெள்ளம் வடிய வேண்டும், தரையை மிதிக்க வேண்டும், நீர் சுண்ட வேண்டும். முதல் உப்பை வாரும்வரை மளிகைக் கடைக் கடனை எந்தக் கடைக்காரர் விட்டுக்கொடுப்பார்?